தூக்கிப் போட்ட பிள்ளை

கிரேன்காரர் தன் மூன்று வயதுப் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேலே தூக்கிப் போட்டார், பையன் கீழே வரவில்லை. மேலே என்றவுடன் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஆகாயத்துக்குப் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். கிரேன்காரர் ஆளே குள்ளம். அவர் தூக்கிப் போட்டு ஒரு பிள்ளை எவ்வளவு உயரம் போய்விடும்? பையனின் தலை அவர் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றது, கால்கள் சாப்பாட்டு மேஜைக்குச் சற்று மேலே நின்றன, சட்டையில்லாமல் வெறும் அரைக்கால் டிராயரோடு பையன் காற்றில் நின்றான். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். அவன் காலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்கள், ஒன்றுமில்லை என்று உறுதியானதும், குழாயில் தண்ணீர் நிற்கப்போகிற நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கலைந்து போனார்கள்.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் கிரேன்காரரின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உயரமான கட்டடம் எழும்பும் இடங்களில் ஒற்றைக் காலில் நிற்கும் ராட்சத கிரேனின் உச்சியில், ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் அவர் உட்கார்ந்திருப்பார். கீழே என்ன நடக்கிறது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. சிக்னல்காரர் ஒருவர் தரையில் நின்று கையை ஆட்டுவார்: ஏற்று, இறக்கு, வலது பக்கம் கொண்டு போ. இந்த சிக்னல்களை அவர் ஒருவர் மட்டுமே கொடுக்கலாம். ஆனால் 'நிறுத்து' என்ற சிக்னலை மட்டும் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், டீ கொண்டுவரும் ஆள்கூட. இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினால் போதும், மேலே இருப்பவர் அந்த நொடியே லீவரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் பிறகு. லீவரை விட்டால் சாமான் விழாது, இருந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும். கிரேன்காரர் தூக்கிய சாமானை ஒரு நாளும் கீழே போட்டதில்லை என்று கம்பெனியில் அவருக்குப் பேர்.

கல்யாணமான புதிதில் இந்த சிக்னலை அவர் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார். அதோடு ஒரு விளையாட்டும் ஆரம்பித்தது. அவர் அவளுக்குப் பரிமாறும்போது போதும் என்றால் அவள் வாயைத் திறக்க மாட்டாள், கைகளை அகல விரிப்பாள். அவர் கரண்டியை அப்படியே விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொள்வார். டி.வி. சத்தத்துக்கு, அவர் பாடும் பாட்டுக்கு, அவர் அம்மா வீட்டைப் பற்றிய பேச்சுக்கு, எல்லாவற்றுக்கும் அதே சிக்னல். ஒரு முறை கண்ணாடி டம்ளர் ஒன்று இந்த விளையாட்டில் தவறிச் சுக்கு நூறாகப் போனது. சில்லுகளைப் பெருக்கக் குனிந்தவர்கள் சிரித்துச் சிரித்து விளக்குமாற்றைப் பிடிக்கத் தெம்பில்லாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்ட காலம் ஒன்று இருந்தது.

பையன் பிறந்த பிறகு அவருக்கு வேலை கூடிப்போனது. அவர் கிளம்பும்போது பையன் தூங்கிக்கொண்டிருப்பான், திரும்பும்போது மறுபடியும் தூங்கியிருப்பான். அப்பா என்ற ஆள் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கிடைக்கிற பண்டம். அந்த நேரத்தில் அவர்கள் விளையாடியது இந்த ஒரு விளையாட்டுத்தான்: கக்கத்தில் கையைக் கொடுத்து மேலே போடுவது, பிடிப்பது. "இன்னும்" என்பான் பையன். போடுவார். "இன்னும்!" போடுவார். அன்றைக்கு மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பையன் மேலே போகிறான், அவன் தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. கத்துவதற்கு வாய் வரவில்லை, கைகள் தாமாக அகல விரிந்தன. கிரேன்காரர் பார்த்தார், அவர் கைகளும் தாமாக விலகிக்கொண்டன. மேலே போன பையன் சிரித்துக்கொண்டே கீழே பார்த்தான், அங்கே கை இல்லை. சிரிப்பு நின்றது, பையனும் நின்றான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

உடனே கைகளைத் திரும்ப நீட்டத்தான் செய்தார். கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தார். பையன் கீழே வந்தான், ஆனால் வந்ததாகவும் சொல்ல முடியாது. அவன் உடம்பில் எடை இல்லை. பிடித்து இழுத்தால் வருவான், பிடி தளர்ந்தால் மெல்ல எழும்பிப் பழைய இடத்துக்கே போய் நிற்பான். எடை பார்த்துப் பார்த்தே காலம் தள்ளியவர் கிரேன்காரர். இரும்புக் கம்பி எவ்வளவு, சிமெண்டுப் பலகை எவ்வளவு என்று கயிறு விறைக்கிற விதத்திலேயே சொல்லிவிடுவார். அவர் கைக்குத் தன் மகனின் எடை தட்டுப்படவில்லை. குழந்தை மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பையன் ஆரோக்கியமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, "எடை எங்கயும் போகல. அவன்கிட்டதான் இருக்கு. குடுக்க மாட்டேங்கறான், அவ்வளவுதான்" என்றார். யாருக்குக் கொடுப்பான் என்று மனைவி கேட்டாள். போட்டவர் பிடிக்க வேண்டும் என்பதுதானே அந்த விளையாட்டின் விதி, வேறு யாருக்குக் கொடுப்பான் என்று மருத்துவர் கிரேன்காரரைப் பார்த்தார். அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

வீடு பழகிக்கொண்டது. மின்விசிறியைக் கழற்றிப் பரணில் போட்டார்கள், எல்லோருக்கும் வியர்த்தது. தூங்கும்போது காற்றில் நகர்ந்து சுவரில் மோதாமல் இருக்கப் பையனின் இடுப்பில் துண்டைக் கட்டி ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டாள் அம்மா. பள்ளிக்கூடத்துக்கு அதே துண்டின் நுனியைப் பிடித்து அழைத்துப் போனாள். மழை பெய்தால் மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் அவன் நனைந்தான். ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தான், கால் தரையில் படவில்லை என்று பரிசைப் பிடுங்கி இரண்டாவது வந்தவனுக்குக் கொடுத்தார்கள். செருப்பு மட்டும் வாங்க வேண்டியிருக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், ஆனால் ஊர் இதைப் பற்றிப் பேசியது கொஞ்ச நாள்தான். பேசித் தீராதது அந்த வீட்டுக்குள் இருந்தது.

நீதான் கையை விரித்தாய் என்பது அவர் கட்சி. நீங்கள்தான் கையை எடுத்தீர்கள் என்பது அவள் கட்சி. நிறுத்தச் சொன்னது விசிறியைப் பார்த்து, பிள்ளையைப் பிடிக்காதே என்று எந்தத் தாயாவது சொல்வாளா என்று அவள் கேட்பாள். வேலைப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது என்பார் அவர். பழக்கமாவது ஒன்றாவது, விளையாட்டு என்று நினைத்துத்தான் எடுத்தீர்கள், சிரித்ததை நான் பார்த்தேன் என்பாள் அவள். இதில் எது உண்மை என்று கிரேன்காரருக்கே தெரியாது, அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டார். ஒருவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் மற்றவரும் கேட்டிருப்பார். அவள் வேலை பார்த்ததோ ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில். தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முகம் தெரியாத ஊரார் எல்லோரிடமும் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்கு வரும்போது கையிருப்பில் ஒரு மன்னிப்புகூட மிச்சம் இருக்காது. அவரிடம் முதலிலிருந்தே ஸ்டாக் கிடையாது. இந்தச் சண்டை முழுவதும் பையனின் காலுக்குக் கீழே நடந்தது. அவன் கீழே குனிந்து, பேசுகிறவர் பக்கமாக முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

யாரோ சொன்னார்கள் என்று, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சேர்ந்து விளையாடச் சொல்லிக் கொடுக்கும் ஒரு அம்மாவிடம் போனார்கள். கலர் கலராகத் தலையணை போட்ட அறை. அந்த அம்மா காற்றில் நிற்கும் பையனைப் பார்த்து அலட்டிக்கொள்ளவில்லை. "இதைவிட மோசமெல்லாம் பாத்திருக்கேங்க. ஒரு வீட்ல புள்ளை நல்லாத்தான் தரையில நடந்துச்சு. அப்பாவும் அம்மாவும்தான் ஆளுக்கொரு சுவத்துக்குள்ள போயிட்டாங்க" என்றார். பிறகு மருந்து எழுதிக் கொடுப்பது போலச் சொன்னார்: "தினமும் அரை மணி நேரம் மூணு பேரும் சேர்ந்து விளையாடணும். போனை டிராயர்ல போட்டுப் பூட்டிடுங்க. யாரு ஜெயிச்சா, யாரு தோத்தான்னு பாக்காதீங்க. சிரிப்பு வந்தா சிரிங்க. வரலன்னா சும்மா பல்லைக் காட்டாதீங்க, புள்ளைங்களுக்குத் தெரிஞ்சுடும்."

ஆக, கிரேன்காரர் சாயங்கால ஓவர்டைமை விட்டார், விளையாட்டு ஆரம்பமானது. போர்வையை நாற்காலிகள் மேல் விரித்து வீடு கட்டினார்கள். பையனுக்கு உள்ளே நிற்க இடமில்லை, போர்வையில் ஓட்டை போட்டு அவன் தலையை வெளியே விட வேண்டியிருந்தது. சுவரில் கை நிழலால் நாய், முயல் காட்டினார்கள். அவர் காட்டிய நாயைப் பார்த்து அவள், இது யார் மாதிரி இருக்கிறது தெரியுமா என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பந்து விளையாடினால் பையனுக்கு மெதுவாகவும் புருஷனுக்கு வேகமாகவும் போட்டாள். கண்ணாமூச்சிதான் இருந்ததிலேயே கொடுமை. பையனால் எங்கும் ஒளிய முடியாது, திரைச்சீலைக்குக் கீழே கால் தொங்கும். எனவே அவனே எப்போதும் கண்ணைப் பொத்தினான், அப்பாவும் அம்மாவும் ஒளிந்தார்கள். சின்ன வீட்டில் ஒளிய இருந்த ஒரே இடம் பீரோவுக்குப் பின்னால்தான். பல மாதங்களில் அவ்வளவு நெருக்கமாக அவர்கள் நின்றது அங்கேதான். தோளோடு தோள் இடிக்க நின்றுகொண்டு, "அன்னிக்கு நீ கையை விரிக்காம இருந்திருந்தா இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு?" என்று அவர் கிசுகிசுத்தார். "மெதுவாப் பேசுங்க, புள்ளை காதுல விழும். கையை எடுத்துட்டு வாய் வேற" என்று அவள் கிசுகிசுத்தாள். மேலே இருந்தவனுக்கு பீரோவுக்குப் பின்னால் இரண்டு தலைகளும் பளிச்சென்று தெரிந்தன, பேச்சும் ஒன்று விடாமல் கேட்டது. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எங்க இருக்கீங்க? காணோமே! எனக்குத் தெரியலையே!" என்று அறை முழுக்க மிதந்து தேடினான். ஆறு வயதுப் பிள்ளை அப்பா அம்மாவுக்கு விளையாட்டுக் காட்டியது.

அந்த வருஷம்தான் சின்னவள் பிறந்தாள். அந்த வீட்டில் பிள்ளை பிறக்கிற அளவுக்கு எப்போது சமாதானம் இருந்தது என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. சண்டைக்கு நடுவிலும் பிள்ளை பிறக்கத்தான் செய்கிறது. சின்னவளைக் கிரேன்காரர் தூக்கவே இல்லை. கட்டிலில் கிடத்தியிருந்தால் பக்கத்தில் உட்காருவார், தரையில் விட்டால் தரையில் உட்காருவார், கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். அவள் தானாகக் குப்புற விழுந்தாள், தானாக எழுந்தாள், நாற்காலி மேலும் கட்டில் மேலும் தானாக ஏறக் கற்றுக்கொண்டாள்.

பையனுக்கு ஒன்பது வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தான். "நான் சாமான். நீ கிரேன். சிக்னலும் நான்தான் குடுப்பேன். சரியா?" என்றான். கிரேன்காரர் சரி என்றார். அவன் கக்கத்தில் கையைக் கொடுத்தார். "கையை எடுக்க மாட்டியே?" என்று கேட்டான் பையன். "எடுக்க மாட்டேன்டா கண்ணு." பையன் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு விரலைத் தரைப் பக்கம் நீட்டி மெல்லச் சுழற்றினான். இறக்கு, மெதுவாக இறக்கு என்பதற்கு அதுதான் சிக்னல். இவன் இதை எப்போது கற்றுக்கொண்டான் என்று கிரேன்காரர் யோசிப்பதற்குள் அவர் உள்ளங்கையில் ஏதோ தட்டுப்பட்டது. எடை. முதலில் பூனைக்குட்டி அளவு, பிறகு ஒரு மாவுப் பை அளவு, பிறகு அதற்கும் மேலே. பையன் இறங்கினான். கால்கள் மேஜையைத் தாண்டி நாற்காலி உயரத்துக்கு வந்தன. விரல் சுழன்றுகொண்டே இருந்தது.

அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். மனுஷன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனால் இத்தனை வருஷம் குற்றவாளியாக நின்ற ஆத்திரம் சந்தோஷத்துக்கு முன்னால் முந்திரிக்கொட்டை மாதிரி எட்டிப் பார்த்தது. அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்: "பாத்தியா! வந்து பாரு இங்க! என் கையில தப்பு இல்லன்னு அன்னிக்கே சொன்னேன்ல!" அவள் ஓடி வந்தாள். வந்தவள் அழுதிருக்கலாம். "ஆமா, இத்தனை வருஷம் கழிச்சு! விட்டவருக்குப் பெருமை வேறயா!" என்றாள். "நான் விட்டேனா? கையை விரிச்சது யாரு?" "விரிச்சதாலதான் தலை தப்பிச்சுது!" இப்படி இரண்டு வார்த்தை, நான்கு வார்த்தை. கைகளை அவர் எடுக்கவே இல்லை, அது சத்தியம், அசையாமல் வைத்திருந்தார். ஆனால் திரும்பிப் பார்த்தபோது உள்ளங்கை காலியாக இருந்தது. பையன் பழைய உயரத்தில் நின்றான். "விளையாட்டு முடிஞ்சுடுச்சு" என்றான். அவன் அழவில்லை. ஜன்னல் பக்கம் மிதந்து போய்த் தெருவைப் பார்த்தான்.

அன்றைக்குப் பிறகு கிரேன்காரர் ஒரே ஒரு விஷயத்துக்காக உயிரோடு இருந்தார் என்றே சொல்லலாம். தினமும் வேலையிலிருந்து வந்ததும் கைகழுவி, துடைத்து, பையனுக்குக் கீழே போய் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பார். பேச மாட்டார். மனைவியோடு சண்டையையும் விட்டார். அவள் ஆரம்பித்தால் தலையை ஆட்டிக்கொள்வார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான், இருந்தாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் மேலே வீட்டுப்பாடம் எழுதுவான். முதலில் எல்லாம், "வேணாம்பா" என்பான். பிறகு, "கை வலிக்கும்பா, போய் உக்காரு" என்பான். அதற்கும் பிறகு, "உக்காருங்கப்பா" என்றான். மரியாதை ஏற ஏறக் கிரேன்காரர் கைகளை இன்னும் உயரமாக நீட்டினார்.

அந்த நாட்களில் சின்னவள் ஒரு தரம் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. "என்னைத் தூக்கிப் போடுப்பா" என்றாள். "நீ பெரிய பொண்ணு ஆயிட்டியேம்மா" என்றார் அவர். "அண்ணனைப் போட்டியே?" சட்டைப் பையில் இருந்த பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு போனாள். மறுபடியும் கேட்கவில்லை.

இதற்கிடையில் யாரும் யோசிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. பையன் வளர்ந்தான். அவன் தலை நின்ற இடத்திலேயே நின்றது. வளர்த்தி முழுவதும் கீழ்ப்பக்கமாக வந்தது. அவன் மாமன்மார் எல்லோரும் நிலைவாசலில் குனிந்து நுழைகிறவர்கள், அந்த உயரம் இவனுக்கும் வந்தது. மேஜைக்கு மேல் இருந்த கால்கள் நாற்காலிக்கு வந்தன, நாற்காலியிலிருந்து வாளி உயரத்துக்கு வந்தன. ஒரு நாள் கைநீட்டி நின்றுகொண்டிருந்த கிரேன்காரர் தற்செயலாகக் கீழே பார்த்தார். பையனின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு செங்கல் வைக்கிற இடம்தான் இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தக் கால் தரையைத் தொட்டுவிட்டால் பிறகு இவனுக்கு எந்தக் கையும் வேண்டாம்.

எந்தத் தகப்பனாவது தன் மகன் வளரக் கூடாது என்று நினைப்பானா? இவர் நினைத்தார். மனைவி பையனுக்கு முட்டையும் பாலும் கொடுப்பதைப் பார்த்தால் அவருக்கு எரிச்சல் வந்தது. தரையைக் கொஞ்சம் இறக்கலாமா என்றுகூட யோசித்தார். கட்டட வேலை பார்க்கும் ஆள் ஒருவரை அழைத்துவந்து காட்டினார், வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் தெரிந்துகொண்டு சத்தம் போட்டார். கடைசியில் சாப்பாட்டு வேளையில் தன் சிக்னல்காரரிடம் மனதைத் திறந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கால் தரையில் படுவதற்கு முன்னால் ஒரே ஒரு தரம், ஒரு நிமிஷம், மகனின் எடை முழுவதும் தன் கையில் இருக்க வேண்டும். சிக்னல்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சாமான் தரையில உக்கார்ற வரைக்கும்தான்யா நமக்கு வேலை. உக்கார்ந்துடுச்சா, கொக்கியைக் கழட்டிட்டு மேல தூக்கிக்க. சந்தோஷமா இரு." கிரேன்காரர், "நான் இன்னும் கொக்கியே மாட்டலியே" என்றார். இருவரும் பாத்திரத்தைக் கழுவினார்கள்.

செங்கல் இடைவெளி செருப்பு இடைவெளியாகி, அதுவும் குறைந்து, ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பையன் அவசர அவசரமாகப் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தீர்ந்துபோனது. முதலில் கட்டைவிரல் பட்டது, பிறகு குதிகால். அறைக்குள் இருந்த கிரேன்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். கேட்டதும் கைகளை நீட்டிக்கொண்டு ஓடினார். பையன் நின்றுகொண்டிருந்தான், ஆனால் நிற்கத் தெரியவில்லை. பதினாறு வருஷத்து எடை ஒரேயடியாக முழங்காலில் இறங்கியதும் கால்கள் வெடவெடவென்று ஆடின. அவர் கைகள் அவன் கக்கத்துக்கு அருகில் இருந்தன, இரண்டு விரல்கடை தூரம்கூட இருக்காது. சாய்ந்தால் போதும். அவன் சாயத்தான் செய்தான், ஆனால் அந்தப் பக்கமாகச் சாய்ந்து வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அப்படியே நின்று மூச்சு வாங்கினான். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அப்பாவின் நீட்டிய கைகளைப் பார்த்தான். "பரவால்லப்பா. நானே வந்துட்டேன்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவன் அன்பாகத்தான் சொன்னான். அவர் கைகளை இடிக்காமல் சுற்றிக்கொண்டு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, பிஞ்சுக் குழந்தையின் பாதம் மாதிரி மெத்தென்று இருந்த அந்தப் பாதங்களைப் பார்த்துப் பார்த்து வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனான். அம்மா வாசலில் நின்று அழுதாள். சாயங்காலம் அவனுக்குச் செருப்பு வாங்கினார்கள்.

கிரேன்காரரின் கைகள் மட்டும் நீட்டியது நீட்டியபடியே நின்றுவிட்டன. மடக்க வரவில்லை, இறக்க வரவில்லை. வலியும் இல்லை. மருத்துவர் எலும்பு சரியாக இருப்பதாகச் சொன்னார். கதவு வழியாக அவர் பக்கவாட்டில் நுழையக் கற்றுக்கொண்டார், சட்டையை முதுகுப் பக்கம் திறக்கிற மாதிரித் தைத்தார்கள். லீவரைப் பிடிக்க முடியாததால் கம்பெனி அவரைக் கேட்டில் போட்டது. வண்டிகள் வரும்போது குறுக்கே நின்றால் போதும், தடுப்புக் கம்பு வைக்கிற செலவு மிச்சம். மனைவிதான் அவருக்கு ஊட்டிவிடுகிறாள். ஊட்டிக்கொண்டே திட்டுவாள், திட்டிக்கொண்டே வாயைத் துடைத்துவிடுவாள். இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சுவதும் உண்டு. சின்னவள் சில நாள் அவர் கையில் தொங்கி ஆடிப் பார்த்தாள். "நல்லா கம்பி மாதிரி இருக்குப்பா" என்றாள். அவளுக்கு அப்போது பத்து வயது, சீக்கிரமே அலுத்துப்போனது.

பையன் படித்து முடித்து வெளியூரில் வேலையில் இருக்கிறான். நன்றாக நடக்கிறான், யாரும் அவனைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. விடுமுறைக்கு வருவான், எல்லோருக்கும் ஏதாவது வாங்கி வருவான், அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேட்பான். மழைக்காலத்தில் அந்த வீட்டில் துணி காயப் போட இடம் போதாது, அதனால் ஆளாளுக்குத் தங்கள் துணியை அவர் கைகளில் போட ஆரம்பித்து அதுவே வழக்கமாகிவிட்டது. பையனும் தன் சட்டையைத் துவைத்துப் பிழிந்து, ஒரு உதறு உதறி, அப்பாவின் கையில் விரித்துப் போட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போவான். பெரிய ஆளின் சட்டை; ஈரமாக இருக்கும்போது நல்ல எடை இருக்கும். கிரேன்காரர் கண்ணை மூடிக்கொள்வார், அது காய்கிற வரைக்கும் நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டார். காற்று வந்தால் மட்டும் ஜன்னலைச் சாத்தச் சொல்வார், சின்னவள் எழுந்துபோய்ச் சாத்துவாள்.